ஒரு ஆட்டுக்கு 2 சென்ட்

இடது பக்கம் பார்த்து நிற்கும் ஆடு ஒன்று வரைய வேண்டும். வேலை இவ்வளவுதான், கூலி 2 சென்ட். சென்ட் என்றதும் வீட்டுமனை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை, இது அமெரிக்கக் காசு. 2006இல் ஆரன் கோப்ளின் என்ற அமெரிக்க இளைஞர், முதுகலை மாணவராக இருந்தபோது இணையத்தில் இந்த வேலையை விட்டார். 40 நாட்களில் 10,000 ஆடுகள் வந்து சேர்ந்தன.

ஒருவர் 4 நொடியில் கிறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். இன்னொருவர் 46 நிமிடம் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இருவருக்கும் அதே 2 சென்ட்தான். சராசரியாக ஒரு ஆட்டுக்கு 105 நொடி ஆனது. ஆடு மாதிரியே இல்லை என்று 662 படங்களைக் கழித்துக் கட்டினார் கோப்ளின். கணக்குப் போட்டால் மணிக்கு 69 சென்ட் கூலி விழுகிறது, அன்றைய மதிப்பில் முப்பது ரூபாய்ச் சொச்சம். மொத்த மந்தைக்கும் அவர் கொடுத்த கூலி 200 டாலர்.

அந்த ஆடுகளை எல்லாம் ஒரு இணையதளத்தில் அடுக்கி, 'தி ஷீப் மார்க்கெட்' என்று பெயர் வைத்தார். ஆட்டுச் சந்தை. மொத்தமாகப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் அந்த ஆடு உங்கள் கண்முன்னே மறுபடி வரையப்படும். வரைந்தவரின் கை எங்கே தொடங்கியது, எங்கே தயங்கியது, கம்பளிச் சுருளை எவ்வளவு பொறுமையாகச் சுற்றியது, காலை எவ்வளவு அவசரமாக இழுத்தது என எல்லாமே பதிவாகியிருக்கிறது. வரைந்தவரின் பெயர் மட்டும் இருக்காது.

இது கலையா என்று கேட்டால், ஆமாம். முதலாளித்துவத்தையும் புதுத் தொழில்நுட்பத்தையும் துருவிப் பார்க்கும் சமகாலக் கலை என்று இன்று அருங்காட்சியகங்களிலும் விமர்சனங்களிலும் அடிபடுகிற வகைக்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை.

முதலாளித்துவம் என்ற சொல்லை மேடைப் பேச்சில் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. இந்தக் கட்டுரைக்கு மூன்று கேள்விகள் போதும். வேலை செய்வது யார்? கருவியும் இடமும் யாருடையவை? லாபம் யாருக்குப் போகிறது? ஒரு நூற்பாலையில் இந்த மூன்றுக்கும் பதில் கண்ணுக்குத் தெரியும். சங்கு ஊதும், ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருவார்கள், முதலாளியின் கார் கேட்டுக்குள் போகும். செல்போனில் ஒரு பட்டனை அமுக்கிப் பொருள் வாங்கும்போது இது எதுவும் தெரிவதில்லை. பட்டன் மட்டும்தான் தெரிகிறது. இந்த வகைக் கலைஞர்கள் தங்கள் வேலையைத் தொடங்குவது அந்தப் பட்டனுக்குப் பின்னால்.

அவர்கள் கையாளும் முறையும் கொஞ்சம் வித்தியாசமானது. பழைய பாணியில் என்றால், சுரண்டப்படும் தொழிலாளியை ஓவியமாக வரைந்து சுவரில் மாட்டுவார்கள். இவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. எந்த அமைப்பைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அதன் கருவியையே எடுத்து, அதன் விதிப்படியே, ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவார்கள். கோப்ளின் கூலி வேலையைப் படம் பிடிக்கவில்லை. தானே கூலி கொடுக்கும் முதலாளியாகி, ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை உற்பத்தி செய்தார். பொருளுக்குப் பயன் இல்லாததால்தான் பார்ப்பவரின் கவனம் கூலியின் பக்கம் திரும்புகிறது.

அவர் வேலை விட்ட இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005இல் அமேசான் நிறுவனம் 'மெக்கானிக்கல் டர்க்' என்ற சேவையைத் தொடங்கியது. கம்ப்யூட்டரால் செய்ய முடியாத சில்லறை வேலைகளை, உலகம் முழுக்க இருக்கும் ஆட்களுக்குப் பீஸ் ரேட்டில் பிரித்துக் கொடுக்கும் சந்தை அது. படத்தில் இருப்பது நாயா பூனையா என்று சொல்வது, ரசீதைப் பார்த்து டைப் செய்வது, இந்த மாதிரி. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அங்கே அதிகம் வேலை செய்தவர்கள் இந்தியர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் செய்திருக்கிறார்கள்.

மெக்கானிக்கல் டர்க் என்றால் இயந்திரத் துருக்கியர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய மோசடி இருக்கிறது. 1770இல் வியன்னாவில், மகாராணி மரியா தெரசாவின் அவையில், கெம்ப்பலன் என்பவர் ஒரு இயந்திரத்தைக் காட்டினார். துருக்கியர் உடை அணிந்த மரபொம்மை, அதன் முன் ஒரு பெட்டி, பெட்டி மேல் சதுரங்கப் பலகை. பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பல்சக்கரங்களைக் காட்டுவார். மூடிவிட்டுச் சாவி கொடுத்தால் பொம்மை காய் நகர்த்தும், எதிராளியை ஜெயிக்கும். பிற்காலத்தில் நெப்போலியனே அதனுடன் ஆடியிருக்கிறார். உள்ளே கைகால் மடக்கி உட்கார்ந்திருந்தது ஒரு மனிதர், நல்ல சதுரங்க ஆட்டக்காரர். பொய்க்கால் குதிரையிலாவது ஆடுகிறவர் முகம் தெரியும். இதில் அதுவும் இல்லை. அமேசான் இந்தக் கதை தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தது. விளம்பர வாசகமும் 'செயற்கையான செயற்கை நுண்ணறிவு' என்பதுதான். உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை நகைச்சுவையாக அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆடுகளைப் பார்க்கும்போது அந்த நகைச்சுவை கொஞ்சம் உறுத்துகிறது.

உறுத்தலோடு விஷயம் முடியவில்லை. ஏஐ என்று இன்று நாம் சொல்வதன் ஒரு முக்கியமான படி இதே சந்தையில்தான் ஏறியது. 2009இல் வெளிவந்த 'இமேஜ்நெட்' என்ற படத் தொகுப்பில் 1.4 கோடிப் படங்கள் சேர்ந்தன. கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க உருவான பாடப்புத்தகம் என்று அதைச் சொல்லலாம். இது ஆப்பிள், இது ஆட்டோ, இது அத்தை என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ஒட்ட வேண்டும். யார் ஒட்டினார்கள்? மெக்கானிக்கல் டர்க் வழியாக 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர். அவர்கள் பெயரும் எங்கும் இல்லை.

2019இல் டிரெவர் பாக்லன் என்ற அமெரிக்கக் கலைஞரும், கேட் கிராஃபோர்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் இந்தத் தொகுப்பைப் பிரித்து மேய்ந்தார்கள். அதில் மனிதர்களுக்கென்றே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. மருத்துவர், சமையல்காரர் என்பதெல்லாம் சரி. 'கெட்டவர்', 'தோற்றுப்போனவர்', 'கடனாளி', 'திறமையற்றவர்' என்றும் வகைகள் இருந்தன. முகத்தைப் பார்த்து ஒருவர் கடனாளி என்று எப்படிச் சொல்ல முடியும்? பீர் குடிக்கும் ஒரு இளைஞனின் படத்துக்குக் 'குடிகாரன்' என்று பெயர் ஒட்டியிருந்தது. காசுக்கு வேலை செய்யும் யாரோ ஒருவர் வரிசையில் அடுத்த படத்துக்குப் போகும் அவசரத்தில் ஒட்டியது. அந்த முத்திரையைத்தான் இயந்திரம் பாடமாகப் படிக்கிறது.

இருவரும் 'இமேஜ்நெட் ரூலெட்' என்று ஒரு தளம் திறந்தார்கள். உங்கள் செல்ஃபியைப் போட்டால், அந்தத் தொகுப்பில் படித்த ஏஐ மாடல் உங்களுக்கு ஒரு பட்டம் கொடுக்கும். முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு போட்டார்கள். வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கிடைத்த பட்டங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இனத்தை இழிவுபடுத்தும் சொற்கள் சர்வசாதாரணமாக வந்து விழுந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் மிலான் நகரின் பிராடா அறக்கட்டளைக் கூடத்தில் இருவரின் கண்காட்சியும் தொடங்கியது. இமேஜ்நெட்டை உருவாக்கிய குழு, மனிதர்கள் பகுதியிலிருந்து 6 லட்சம் படங்களை நீக்குவதாக அறிவித்தது. கலையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான். உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்குள் அந்தத் தொகுப்பைப் பத்து வருடமாக உலகம் முழுக்க இறக்கிப் பயன்படுத்தியாகிவிட்டது.

எல்லாப் படைப்பும் இப்படிக் கனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெர்லினில் ஒருவர் கைவண்டி இழுத்துக்கொண்டு போனார், அதுவும் இதே வகைதான். சைமன் வெக்கர்ட் என்பவர் 99 பழைய ஸ்மார்ட்போன்களைத் திரட்டி, எல்லாவற்றிலும் கூகுள் மேப்ஸை ஓடவிட்டு, ஒரு சின்னச் சிவப்பு வண்டியில் கொட்டிக்கொண்டு, ஆளில்லாத தெருவில் நடையாய் நடந்தார். 2020 பிப்ரவரியில் வெளியான வீடியோவில் பாதி திரையில் தெரு, பாதி திரையில் மேப். வண்டி போகப் போகப் பச்சையாக இருந்த தெரு மேப்பில் சிவப்பாக மாறுகிறது. கூகுளின் பெர்லின் அலுவலகத்துக்கு முன்னாலும் அதேதான்.

இதன் சூட்சுமம் எளிது. மேப்பில் தெரியும் போக்குவரத்து நெரிசலை எந்தப் போலீஸ்காரரும் எண்ணிச் சொல்வதில்லை. நம் பையில் இருக்கும் போன்கள்தான், இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தெருவில் 99 போன்கள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால், 99 கார்கள் மாட்டிக்கொண்டன என்று கணினி முடிவு கட்டும். அதை நம்பி வண்டிகள் வேறு பாதையில் திரும்பும், தெரு இன்னும் காலியாகும். அதாவது, காசு வாங்காமல், கேட்காமலேயே நாம் எல்லோரும் அந்த மேப்புக்கு வேலை செய்துகொண்டிருக்கிறோம். ஆடு வரைந்தவருக்கு 2 சென்ட்டாவது கிடைத்தது.

நான் யாருக்காவது இந்த வகைக் கலையை அறிமுகம் செய்ய வேண்டுமென்றால் இந்த வீடியோவைத்தான் காட்டுவேன். விளக்கமே தேவையில்லை. நேர்மாறாக, விளக்கம் இல்லாமல் நிற்கவே முடியாத படைப்புகளும் இந்தத் துறையில் நிறைய. இருட்டறை, நாலு பெரிய திரை, ஓடும் எண்கள், பின்னணியில் ஒரு உறுமல், வாசலில் மூன்று பக்கக் குறிப்பு. பார்த்துவிட்டு வெளியே வந்தால் கால்தான் வலிக்கும். அப்படி ஒன்றைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றால் குற்றம் உங்களுடையது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

படிக்க நேரம் எடுக்கும், ஆனால் அந்த நேரத்துக்குத் தகுதியான படைப்பு ஒன்று உண்டு. அதே கேட் கிராஃபோர்டும், செர்பியாவைச் சேர்ந்த விளாடன் ஜோலரும் 2018இல் வெளியிட்ட 'அனாடமி ஆஃப் ஆன் ஏஐ சிஸ்டம்'. சுவர் அளவுக்கு ஒரு வரைபடம், கூடவே ஒரு நீண்ட கட்டுரை. மையத்தில் இருப்பது ஒரு சாதாரணப் பொருள், அமேசான் எக்கோ. ஹாலில் வைத்துவிட்டு "அலெக்சா, லைட்டைப் போடு" என்று சொல்வோமே, அந்த உருளை. விளக்கு எரிய ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடிக்கு எதெல்லாம் தேவைப்பட்டது என்று அவர்கள் கோடு போட்டுக்கொண்டே போகிறார்கள்.

கோடு மண்ணில் தொடங்குகிறது. பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனத்தில் உலகின் மிகப் பெரிய லித்தியம் இருப்புகளில் ஒன்று கிடக்கிறது. அங்கிருந்து உருக்காலை, உதிரிபாகத் தொழிற்சாலை, கப்பல், கிடங்கு, கடலடிக் கேபிள், சர்வர் கூடம். இன்னொரு பக்கம் நம் குரலைக் கேட்டுக் கேட்டுத் திருத்தும் மாடல், அதற்குப் பெயர் ஒட்டும் ஆட்கள். மறுகோடியில் பழுதாகித் தூக்கி எறியப்பட்ட கருவி, மின்கழிவு மேடு, மறுபடியும் மண். மெட்ரோ ரயில் வழித்தடப் படம் போல இருக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். வழி நெடுக முக்கோணங்கள் வருகின்றன. உழைப்பு, கருவி, விளைபொருள் என்ற மார்க்சின் பழைய கணக்கு அது. நூற்பாலைக்கு நாம் கேட்ட மூன்று கேள்விகளைத்தான் அவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்கிறார்கள்.

கட்டுரையில் ஒரு கணக்கு வரும். 2018இன் முதல் ஐந்து மாதங்களில் அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸின் சொத்து நாளொன்றுக்குச் சராசரியாக 27.5 கோடி டாலர் கூடியது. காங்கோவின் கோபால்ட் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு குழந்தை அந்த ஒரு நாள் தொகையைச் சம்பாதிக்க, ஓய்வே இல்லாமல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். நாளுக்கு ஒரு டாலர் என்று வைத்து நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மறக்காத விஷயம் ஒரு கூண்டு. ரோபோக்கள் ஓடும் கிடங்குக்குள் மனிதர் நடமாடினால் மோதிவிடும் அல்லவா? அதற்கு அமேசான் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. ஆளைக் கம்பிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கூண்டை வண்டி மேல் ஏற்றி ஓட்டுவது. அமெரிக்கக் காப்புரிமை எண் 9,280,157, ஆண்டு 2016. செய்தி பரவியதும், அது நடைமுறைக்கு வரவே இல்லை, மோசமான யோசனைகளுக்கும் சிலசமயம் காப்புரிமை கேட்கப்படுகிறது என்று நிறுவனத்தின் உயர் அதிகாரி சொன்னார். நியூசிலாந்துக் கலைஞர் சைமன் டென்னி அந்தக் காப்புரிமை வரைபடத்தைப் பார்த்து, அப்படியே அந்தக் கூண்டைச் செய்து 2019இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள மோனா அருங்காட்சியகத்தில் வைத்தார். கூண்டுக்குள் மனிதர் இல்லை. கையடக்கக் கருவியின் திரை வழியாகப் பார்த்தால் ஒரு சின்னப் பறவை தெரியும், கிங் தீவில் அழியும் நிலையில் இருக்கும் முள்ளலகுக் குருவி இனம். விஷவாயு வருகிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் குருவிக் கூண்டு கொண்டுபோவார்கள், அந்த வழக்கத்தை நினைத்துச் செய்தது. கண்காட்சிக்குப் பெயர் 'மைன்'. ஆங்கிலத்தில் அதற்குச் 'சுரங்கம்' என்றும் 'என்னுடையது' என்றும் பொருள்.

இதெல்லாம் திடீரென்று முளைத்ததும் அல்ல. 1971இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹாக்கே ஒரு படைப்பை வைக்க இருந்தார். ஒரு குழுமம் வேறு வேறு நிறுவனப் பெயர்களில் ஏழைகள் குடியிருக்கும் கட்டடங்களை வைத்திருந்ததை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, கட்டடம் கட்டடமாகப் புகைப்படமும் விவரமும் ஒட்டியிருந்தார். கண்காட்சியையே ரத்து செய்தார்கள். ஆதரித்த கியூரேட்டருக்கு, அதாவது கண்காட்சிப் பொறுப்பாளருக்கு, வேலை போனது. பதிவேட்டைப் புரட்டிக் கோடு போடும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. புதுத் தொழில்நுட்பத்தில் செய்தது, கோடிக்கு விற்றது என்பதாலேயே ஒன்று இந்த வகையில் சேராது. 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற கலைஞரின் என்எஃப்டி படம் (டிஜிட்டல் உரிமைச் சான்றோடு விற்கப்படும் படம்) ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் நம் ஊர்க்காரர், சிங்கப்பூரில் இருக்கும் விக்னேஷ் சுந்தரேசன். பெருமைப்பட்டு நம் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த விற்பனை கிரிப்டோ சந்தையின் அலையில் ஏறிச் சென்ற விஷயம், அலையைக் கேள்வி கேட்டது அல்ல. பக்கத்தில் கேலப் லார்சன் 2009இல் செய்த கருப்புப் பெட்டியை வைத்துப் பாருங்கள். இணையத்தோடு இணைத்தால் அந்தப் பெட்டி தன்னைத்தானே ஈபே தளத்தில் ஏலம் விட்டுக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தான் ஏலத்தில் இருக்கிறோமா என்று பார்க்கும், இல்லையென்றால் மறுபடி ஏலம் போடும். வாங்கியவர் அதை இணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நீங்கள் வாங்கலாம், ஆனால் உங்களுடையதாக வைத்துக்கொள்ள முடியாது. என்எஃப்டி காலத்துக்கு 12 வருடம் முன்பே செய்தது.

சரி, இதைச் செய்யும் கலைஞர்கள் மட்டும் இந்தச் சந்தைக்கு வெளியே இருக்கிறார்களா? இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். கிராஃபோர்டும் ஜோலரும் போட்ட அந்தப் பெரிய வரைபடத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கித் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. கோப்ளின் தன் ஆடுகளை 20, 20 ஆகச் சேர்த்து ஸ்டாம்ப் மாதிரி அச்சடித்து ஒரு தாள் 20 டாலருக்கு விற்றார். 2 சென்ட் கொடுத்து வாங்கிய ஆடு ஒரு டாலருக்கு, அதாவது 50 மடங்குக்கு. வரைந்தவர்களுக்கு இது தெரிய வந்ததும், நம் ஆடுகளை விற்கிறார்கள் என்று தங்கள் இணையக் குழுவில் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் வந்திராவிட்டால் படைப்பு பாதிதான் என்றும் எனக்குத் தோன்றுகிறது.  மொத்தம் 7,599 இணைய இணைப்பு (ஐபி) முகவரிகளிலிருந்து ஆடுகள் வந்தன. எதற்காக இதை வரையச் சொல்கிறாய் என்று வேலை செய்யும்போதே கேட்டவர் ஒருவர்தான் என்று கோப்ளின் பிறகு ஒரு மேடையில் சொன்னார்.

சில வருடங்களில் கோப்ளினை கூகுள் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பெர்லின் கைவண்டிக்கும் கூகுள் கோபப்படவில்லை. கார், வண்டி, ஒட்டகம் எதுவானாலும் எங்கள் மேப்பை இப்படிப் புதுமையாகப் பயன்படுத்துவதைப் பார்க்க எங்களுக்குப் பிடிக்கும் என்று பதில் அனுப்பியது. இந்தியா, இந்தோனேசியா, எகிப்து போன்ற நாடுகளில் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறியப் பழகிவிட்டோம், கைவண்டிதான் இன்னும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.